ஈச்சங்குடி நுங்கு நிறமான கதை

மூன்று பக்கமும் உப்பளங்கள் கண்ணைக் கூசவைத்துக்கொண்டு கிடக்க, நாலாவது பக்கம் ஒரு தார்ரோடும் அதில் மணிக்கொரு பஸ்ஸுமாக இருந்த ஈச்சங்குடியில், மனுஷர்கள் எல்லாருக்கும் ஒரே நிறம் வந்த அந்த வருஷத்தில், கலைமணி ஸ்டுடியோவில் வேலை பார்த்த புஷ்பகனிக்கு முப்பத்திரண்டு வயது முடிந்திருந்தது. அதற்குள் ஒன்பது வீட்டார் அவளைப் பெண் பார்க்க வந்து, கேசரியைத் தின்று, கையைத் துடைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போய்ப் போன் பண்ணுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். ஒருவரும் பண்ணியதில்லை.

காரணம் அவளுக்கும் தெரியும், அவளுடைய அம்மா சுடலைவடிவுக்கும் தெரியும், தெருவுக்கே தெரியும். புஷ்பகனி கறுப்பு. சும்மா கறுப்பு இல்லை, உப்பளத்து வெயில் ஏழு வருஷம் உட்கார்ந்து பூசிய கறுப்பு. அப்பா லாரியில் அடிபட்டுப் போனபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது, தங்கை இந்துமதிக்கு ஐந்து. அன்றிலிருந்து அம்மாவோடு அவளும் அளத்துக்குப் போனாள். பாத்தியில் உப்பு வாரினாள், கூடையில் சுமந்தாள், அம்பாரத்தில் கொட்டினாள், திரும்பி வந்து தெருக்குழாயில் நின்று பதினைந்து குடம் தண்ணீரும் அவளே எடுத்தாள். சின்னவளை ஒரு செம்பு தூக்கவிடவில்லை. "அவ படிக்கட்டும், அவளாவது வெயில்ல நிக்காம இருக்கட்டும்" என்று அம்மா சொல்வதற்கு முன்னாலேயே அவள் சொல்லிவிடுவாள். பத்தொன்பது வயதில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு ஸ்டுடியோவுக்கு வந்தபோது வெயில் நின்றது, நிறம் நிற்கவில்லை. அது பாட்டுக்கு இருந்தது.

அப்புறம் பதின்மூன்று வருஷமாக அவள் செய்த வேலை என்னவென்றால், ஈச்சங்குடிப் பெண்களை வெளுக்கவைப்பதுதான். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் படங்களைக் கம்ப்யூட்டரில் திறந்து, முகத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டு, அதற்குள் இருந்த கறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவாள். கழுத்தை மறக்கக் கூடாது. காது மடலை மறக்கவே கூடாது. விரல்களை முடிந்தவரை சேலை மடிப்புக்குள் ஒளித்துவிட வேண்டும். அவளைப்போல நேர்த்தியாக இதைச் செய்ய மாவட்டத்தில் ஆள் இல்லை என்று ஸ்டுடியோக்காரர் கோமதிநாயகம் அண்ணாச்சி பெருமையாகச் சொல்வார். தன் படத்தையும் ஒன்பது தடவை அவளே வெளுத்திருக்கிறாள். அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்தவர்கள், காப்பித் தட்டோடு வந்த முகத்தைப் பார்ப்பார்கள், படத்தைப் பார்ப்பார்கள், பிறகு அந்த வீட்டுச் சுவரில் எதையோ தேடுகிறவர்கள் மாதிரிப் பார்ப்பார்கள்.

அந்த ஒன்பதில் ஒருவனை மட்டும் அவளால் மறக்க முடியவில்லை. எட்டாவதாக வந்தவன், கரண்டு ஆபீஸில் லைன்மேன், பெயர் சங்கரலிங்கம். அவன் அம்மா ஆவுடைத்தங்கம் முகத்தைச் சுளித்தபடி விசிறிக்கொண்டிருக்கையில், அவன் காப்பியை எடுத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டான்.

"போட்டோ எடுக்கும்போது ஏன் எல்லாரும் மூச்சப் பிடிச்சுக்கிடுதாங்க?"

"மூச்சு விட்டா உள்ள இருக்கது தெரிஞ்சிரும்னு நெனைக்காங்க போல" என்றாள் அவள்.

அவன் சிரித்தான். அவ்வளவுதான். அந்தச் சிரிப்பை ரெண்டு வருஷம் அவள் வைத்திருந்தாள். அம்மாக்காரி மட்டும் குறுக்கே நிற்காமல் இருந்திருந்தால் அவன் சரி என்று சொல்லியிருப்பான் என்று அவளுக்குள் ஒரு நம்பிக்கை, யாரிடமும் சொல்லாத நம்பிக்கை.

இப்படியிருக்கையில் ஒரு சித்திரை மாதம் ஸ்டுடியோ கேமரா கெட்டது. உப்புக்காற்று எதைத்தான் விட்டுவைத்தது. கேமராவுக்குள்ளேயும் நுழைந்து, படம் விழுகிற தகட்டுக்கு முன்னால் இருந்த சின்னக் கண்ணாடியைப் பூசணம் மாதிரி தின்றுவிட்டது. அண்ணாச்சி அதைத் திருநெல்வேலி ஜங்ஷனில் கேமரா பழுது பார்க்கும் மைதீன் பாயிடம் கொடுத்துவரச் சொல்லி அவளை அனுப்பினார். பாய் அதைப் பிரித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இந்தக் கண்ணாடி வரணும்னா மூணு மாசம் ஆகும், தாயி. இது இல்லாமலும் படம் விழும். ஆனா வேற மாதிரி விழும்" என்று சொல்லி, மேஜையிலிருந்த டிவி ரிமோட்டை எடுத்துத் தன் செல்போன் கேமராவுக்கு நேராகப் பிடித்துப் பொத்தானை அமுக்கினார். ரிமோட்டின் நுனியில் ஒன்றுமே தெரியவில்லை. செல்போன் திரையில் மட்டும் அது ஊதா நிறத்தில் மினுக்கியது. "பாத்தியா? நம்ம கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் இருக்கு. சிவப்புக்கும் அங்கிட்டு உள்ள வெளிச்சம். நமக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். அது ரொம்பத் தெரிஞ்சிரக் கூடாதுன்னுதான் கம்பெனிக்காரன் உள்ள ஒரு கண்ணாடி வச்சு மறிச்சிருக்கான். மறிப்பு போச்சுன்னா கறுப்புத் துணி செவப்பா வரும், பச்சை இலை வெளுத்து வரும், நிறமெல்லாம் ஒண்ணுக்கொண்ணு குழம்பிப் போவும்."

"அப்ப எப்படி அண்ணாச்சி தொழில் பண்ணுவாரு?"

பாய் ஓர் இழுப்பறையைத் துழாவி, உள்ளங்கை அகலத்துக்கு வட்டமான ஒரு கறுப்புக் கண்ணாடியை எடுத்தார். அவள் அதை வெயிலில் தூக்கிப் பார்த்தாள், சூரியன்கூடத் தெரியவில்லை. அவ்வளவு கறுப்பு.

"இத முன்னால மாட்டிக்க. நம்ம கண்ணுக்குத் தெரியுற வெளிச்சத்த எல்லாம் இது அடச்சிரும். மத்தது மட்டும் உள்ள போகும். குழப்பம் இல்லாம ஒரே சாயல்ல படம் வரும். என்ன, கண்ணுக்குத் துல்லியமா வச்சா படம் மங்கும். வளையத்த ஒரு நூல் தள்ளித் திருப்பணும். இன்னொண்ணு, அந்த வெளிச்சத்துக்குத் தோலோட கறுப்பு ஒரு தடையே இல்ல, தாயி. தோலுக்குள்ள புகுந்து திரும்பி வந்துரும். கறுத்தவன் செவத்தவன் எல்லாரும் அதுல ஒண்ணுதான். ரத்தத்தத்தான் அது கொஞ்சம் குடிக்கும், நரம்பு நெழலாத் தெரியும்."

ஊருக்குத் திரும்பி முதல் படத்தை அவள் ஸ்டுடியோ வாசலில் நின்ற உடைமரத்தை எடுத்துப் பார்த்தாள். படத்தில் மரம் உப்புப் பூத்தது மாதிரி வெள்ளையாக நின்றது, வானம் கறுத்திருந்தது. தலையைத் தூக்கி மரத்தைப் பார்த்தாள். மரமும் வெள்ளையாகத்தான் நின்றது. அதில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது, ரெண்டு தடவை கத்தியது, பறந்துபோனது. சரி, உள்ளே வேலை கிடக்கிறது என்று அவள் போய்விட்டாள்.

மறுநாள் மாரிக்கொழுந்து என்கிற பெண், கோவில்பட்டி மாப்பிள்ளைக்கு அனுப்ப ஒரு படம் வேண்டுமென்று தாயோடு வந்தாள். புஷ்பகனிக்குச் சளைக்காத கறுப்பு. கறுப்புக் கண்ணாடியை மாட்டி, வளையத்தை ஒரு நூல் தள்ளித் திருப்பி, மூச்சு விடச் சொல்லிவிட்டு எடுத்தாள். விளக்கு வெட்டி அணைந்தபோது ஸ்டூலில் இருந்த பெண் நுங்கின் நிறத்தில் இருந்தாள். தோலுரித்த இளநுங்கு, வெள்ளையும் இல்லை, மஞ்சளும் இல்லை, உள்ளே தண்ணீர் நிற்கிற மாதிரி ஒரு பளபளப்பு. கண்கள் மட்டும் ரெண்டு கிணறுகளாக இருண்டிருந்தன. வாசலில் நின்ற தாய்க்காரி உள்ளே வந்து, "பவுடர் கூடிப்போச்சோ?" என்று முந்தானையால் மகளின் கன்னத்தைத் தேய்த்துப் பார்த்தாள். வரவில்லை. கழுத்தைத் தேய்த்தாள், காது மடலைப் பார்த்தாள். அங்கேயும் அதே நிறம். "அப்ப படம் நல்லா வந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு, வழியில் ஓமப்பொடி வாங்கிக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் ஸ்டுடியோ வாசலில் வரிசை கலையவே இல்லை. கல்யாணத்துக்கு நின்ற பெண்கள் முதலில் வந்தார்கள், பிறகு கல்யாணமான பெண்கள், பிறகு அவர்கள் புருஷன்மார் வேறு எதற்கோ வந்தவர்கள் போல வந்து நின்றார்கள். அளத்து வேலைக்காரர்கள் லாரியில் மொத்தமாக வந்து குரூப் போட்டோ எடுத்துக்கொண்டு நுங்கு நுங்காக இறங்கிப் போனார்கள். மளிகைக்கடையில் முகத்துக்குப் பூசுகிற வெள்ளைக் கிரீம் வாங்க ஆளில்லாமல், கடைக்காரர் அதைக் கதவுக் கீலுக்கு எண்ணெய்க்குப் பதில் போட்டார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கள் ரெண்டு நாள் திணறிவிட்டு, பிள்ளைகளைக் குரலை வைத்து ஆஜர் எடுக்கப் பழகிக்கொண்டார்கள். தெருவில் ஆளை அடையாளம் காண்பது கொஞ்சம் சிரமமாகத்தான் போயிற்று. சேலையை வைத்து, சட்டையை வைத்து, நடையை வைத்து ஆளைக் கண்டுகொண்டார்கள். சேலை மாற்றிக் கட்டினால் மாமியாருக்கு மருமகளைத் தெரியவில்லை. அதற்காக மருமகள்கள் யாரும் வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை. அம்மன் கோயில் தர்மகர்த்தா, அம்மனையும் ஒரு படம் எடுத்துவிடலாமே என்று கேட்டார். பூசாரி மட்டும் கருவறை வாசலில் கையை விரித்து நின்றுகொண்டு, "அவ கறுப்பாவே இருந்துட்டுப் போறா. அவளுக்கு என்ன நாம மாப்பிள்ளையா பாக்கப் போறோம்?" என்றார். அம்மன் தப்பித்தாள்.

ஒரு பயம் மட்டும் ஊருக்குள் இருந்தது. வேறு கேமரா பட்டால் பழைய நிறம் திரும்பிவிடும் என்று யாரோ சொன்னார்கள். உடனே ஊர்க்கூட்டம் போட்டு, ஈச்சங்குடி எல்லைக்குள் கலைமணி ஸ்டுடியோ கேமராவைத் தவிர எதுவும் படம் எடுக்கக் கூடாது என்று முடிவாயிற்று. செல்போன்களின் கேமராக் கண்ணில் எல்லாரும் ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஒட்டிக்கொண்டார்கள்.

புஷ்பகனி மட்டும் தன்னை எடுத்துக்கொள்ளவில்லை. தன் நிறத்தின் மேல் அவளுக்கு ஆசை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வெளுத்த பிறகு வருகிறவன் வரத்தான் செய்வான். வெளுக்கும் முன்னால், இந்த முகத்தைப் பார்த்து, ஒருத்தன், ஒரே ஒருத்தன், சரி என்று சொல்லிவிட மாட்டானா என்றுதான் அவள் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தாள். ஊரே நுங்காக நடமாடிய தெருவில் அவள் ஒருத்தி கறுப்பாகப் போனபோது, யார் என்று யோசிக்காமல் எல்லாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

இருபது நாள் இருக்கும், ஊர் சந்தோஷமாக இருந்தது. அந்த இருபது நாளில் மூன்று கல்யாணம் நிச்சயமாயிற்று. ஊரில் இருந்த ரெண்டு தெருவுக்கும் நடுவே தண்ணீர்க் குழாய்ச் சண்டை வரவில்லை, ஏனென்றால் எதிரில் நிற்பது எந்தத் தெருக்காரி என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இப்படியே இருந்துவிடும் என்றுகூடச் சிலர் நினைத்தார்கள்.

அளத்து முதலாளி வீட்டுக்காரர்கள் பரம்பரைச் சிவப்பு. ஊரில் கடைசியாக வந்து படம் எடுத்துக்கொண்டவர்கள் அவர்கள்தான். தனியாக நின்றால் நல்லதல்ல என்று எடுத்துக்கொண்டார்களே தவிர, எதையோ திருட்டுக் கொடுத்தவர்கள் மாதிரிதான் இருந்தார்கள். அந்த வீட்டுப் பெண்கள்தான் ஒரு நாள் முற்றத்து வெயிலில் உட்கார்ந்திருக்கையில் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார்கள். நுங்குத் தோலுக்கு அடியில் நரம்பு ஓடுவது நிழலாகத் தெரிந்தது. அவர்களுடையது மெல்லிசாக, ஒன்றிரண்டு இழையாக, இருக்கிறதா இல்லையா என்று இருந்தது. உப்பு அள்ளி நிமிர்ந்த வேலைக்காரியின் கையைப் பிடித்துப் பார்த்தார்கள். முழங்கையிலிருந்து விரல்வரை முறுக்கி, முடிச்சிட்டு, புடைத்து ஓடியது.

"எங்க வீட்டுல எல்லாருக்கும் நூல் நரம்பு" என்று முதலாளி வீட்டு மூத்த மருமகள் சொன்னாள். "ஒங்களுக்கெல்லாம் கயித்து நரம்பு, என்னா?"

அந்த ரெண்டு சொல்லும் சாயந்தரத்துக்குள் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டன. வாரம் முடிவதற்குள் பெண் பார்க்கப் போகிறவர்கள் பெண்ணை முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கையை வெயிலில் காட்டச் சொன்னார்கள். உப்பு வாரின கை, கல் சுமந்த கை, துணி துவைத்த கை, தண்ணீர் இறைத்த கை எல்லாம் கயிற்று நரம்பு. உட்கார்ந்திருந்த கை எல்லாம் நூல் நரம்பு. பழையபடி யார் மேலே இருந்தார்களோ அவர்களே மேலே போனார்கள், யார் கீழே இருந்தார்களோ அவர்களே கீழே வந்தார்கள், குழாயடியில் சண்டையும் வந்தது. மணிக்கட்டுவரை மூடிய ரவிக்கை தைக்க டெய்லரிடம் கூட்டம் அலைமோதியது. கோமதிநாயகம் அண்ணாச்சி புஷ்பகனியின் மேஜைக்கு வந்து, "ஏம்மா புஷ்பம், முகத்த வெளுக்க வேண்டியதில்ல பாத்தியா, ஒனக்கு வேல மிச்சம். இப்ப அந்த நரம்ப மட்டும் கொஞ்சம் அழிச்சுக் குடுக்கியா?" என்று கேட்டார். அவள் விரல்களுக்கு மேல் கோடு போட்டு, அதற்குள் இருந்த நிழல்களைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கத் தொடங்கினாள்.

ஆவணி பிறந்ததும் சங்கரலிங்கம் வீட்டிலிருந்து மறுபடி ஆள் வந்தது. அவர்களும் ஈச்சங்குடிக்காரர்கள்தான், தெற்குத் தெரு, வீட்டோடு நுங்காகியிருந்தார்கள். அவனுக்கு இன்னும் ஒன்றும் அமையவில்லை, இப்போதுதான் நிறம் ஒரு பிரச்சினை இல்லையே, மறுபடி வந்து பார்க்கிறோம் என்று ஆவுடைத்தங்கம் சொல்லியனுப்பியிருந்தாள். அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"ஏட்டி, இன்னும் என்னத்துக்குட்டி இப்படியே இருக்க? போய் அந்தக் கேமராவுல ஒன்னை எடுத்துக்கிட்டு வா. ஒன் கால்ல விழுதேன்."

"அவுக என்னைப் பாத்திருக்காவள்லா, எம்மா. மாறாமத்தான் வருவேன்னு சொன்னா என்ன?"

"ஊரே ஒண்ணா இருக்கு, நீ மட்டும் கரிக்கட்டையா வந்து நின்னா யாருட்டி கெட்டுவா?"

அம்மா அழுதுவிட்டாள். மறுநாள் மத்தியானம் அண்ணாச்சி சாப்பிடப் போன நேரத்தில் புஷ்பகனி கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, தானாக எடுக்கிற பொத்தானை அமுக்கிவிட்டுப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அது பத்து எண்ணுவதற்குள் எழுந்துவிடலாமா என்று நினைத்தாள். எழவில்லை. சுவரில் இருந்த கண்ணாடியில் பார்த்தபோது, சாயலில் அப்பாவை அப்படியே கொண்டிருந்த அந்த முகம் போய், தெருவில் போகிற எல்லாருடைய முகமும் இருந்தது.

வந்தவர்கள் கேசரி தின்றார்கள். சங்கரலிங்கம் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் காப்பியைக் கொடுத்தபோது எடுத்துக்கொண்டான். எதையாவது கேட்பான் என்று அவள் ஒரு நொடி அதிகமாகவே நின்றாள். ஆவுடைத்தங்கம் எழுந்து அவள் தோளில் கைபோட்டு, "வா தாயி, இப்படி வெளிச்சத்துக்கு" என்று பின்வாசல் முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மணிக்கட்டுவரை இருந்த ரவிக்கைக் கையை மேலே தள்ளினாள். வெயில் நேராக விழுந்தது. ஏழு வருஷத்துக் கூடையும் தினம் பதினைந்து குடமும் அந்தக் கையில் ஆலமர வேர் மாதிரி ஓடிக்கொண்டிருந்தன.

ஆவுடைத்தங்கம் கையைப் பதமாகக் கீழே விட்டாள். பிறகு, காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டுபோக வந்த இந்துமதியின் மணிக்கட்டைப் பிடித்தாள். திருப்பினாள். அங்கே ஒன்றுமே இல்லை. பிறந்த பிள்ளையின் கை மாதிரி, ஒரே ஓர் இழை, அதுவும் மூச்சு விட்டால் மறைந்துவிடும்போல.

"மைனி" என்று அம்மாவைக் கூப்பிட்டாள். "நமக்குள்ள என்ன ஒளிவு மறைவு? சின்னவளக் குடுங்க. நாள் குறிச்சிருவோம்."

அம்மா பெரியவளைப் பார்த்தாள், சின்னவளைப் பார்த்தாள். சங்கரலிங்கம் கம்பத்தில் ஏறுகிறவன். அவன் கைகளில் நரம்புகள் வடக்கயிறாகத் தடித்திருந்தன. அந்தக் கைகளை வெயிலில் காட்டச் சொல்ல அங்கே யாருக்கும் தோன்றவில்லை. அவன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினான், தன் அம்மாவைப் பார்த்தான், "ஒங்க இஷ்டம்" என்றான்.

அவர்கள் போன பிறகு இந்துமதி அடுப்படியில் வந்து அக்காவின் பக்கத்தில் நின்றாள். அவள் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தாள், நல்ல பெண், அக்கா மேல் உயிர்.

"அக்கா. நான் வேண்டாம்னு சொல்லிரட்டுமா?"

புஷ்பகனி தம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள். கேட்காமல் சொல்லியிருக்கலாம் அல்லவா என்று நினைத்தாள். முற்றத்திலேயே, கை பிடிபட்டபோதே, உதறிவிட்டு, இந்தக் கை இப்படி இருக்கிறதற்கு அந்தக் கைதான் காரணம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா.

"எதுக்கு வேண்டாம்ங்குத? ஒனக்கும் இருபத்தஞ்சு ஆச்சு."

"நீ நெசமாத்தான் சொல்லுதியா?"

"நெசமாத்தான்."

இந்துமதி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுகை நின்றதும், "பட்டுக்கு என்ன கலர் எடுக்கலாம்க்கா?" என்று கேட்டாள்.

அந்த வாரத்தில் ஒரு நாள், ஸ்டுடியோவில் யாரும் இல்லாதபோது, புஷ்பகனி தன் செல்போனில் ஒட்டியிருந்த பொட்டை உரித்துவிட்டுத் தன்னையே ஒரு படம் எடுத்தாள். ஊர்க்கட்டுப்பாடு, எடுக்கக் கூடாதுதான். எடுத்தாள். கண்ணாடியில் பார்த்தாள். நுங்கு நிறம் அப்படியே இருந்தது. இன்னொன்று எடுத்தாள். வாசலுக்குப் போய் வெயிலில் நின்று எடுத்தாள். இருபது படம் எடுத்த பிறகு, ஊர் பயந்தது வீண் பயம், பழைய நிறம் எதைக் கொண்டும் திரும்பி வராது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. யாரிடமும் சொல்லவில்லை. பொட்டை மறுபடி ஒட்டிவைத்தாள்.

கல்யாணம் ஐப்பசியில், பஸ் ஸ்டாண்டு பக்கத்து மண்டபத்தில், பத்தரை மணி முகூர்த்தம். பெண் வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரி மாம்பழ நிறச் சேலை எடுத்திருந்தாள் அம்மா; அவளுக்கு அது வெகுநாள் ஆசை. புஷ்பகனிக்கும் அதே சேலைதான். அதைக் கட்டிக்கொண்டு அவள்தான் படம் எடுத்தாள். வேறு கேமரா ஊருக்குள் வரக் கூடாதே. தாலி கட்டியதை எடுத்தாள், மாலை மாற்றியதை எடுத்தாள், மாப்பிள்ளையின் கை மணப்பெண்ணின் கையைப் பிடித்ததைக் கிட்டே போய் எடுத்தாள். மேடையில் நின்ற சங்கரலிங்கம் அவளைப் பார்த்து, யாரோ ஒரு கேமராக்காரியைப் பார்த்துச் சிரிப்பதுபோலச் சிரித்தான்.

குடும்பப் படம் எடுக்க மேடையில் நாற்காலி போடச் சொல்லிவிட்டு, ஸ்டாண்டில் கேமராவை நிறுத்திவிட்டு, அவள் பின்கட்டுக் குழாய்க்குப் போய் முகத்தைக் கழுவினாள். சாப்பாட்டுப் பந்தி நடந்துகொண்டிருந்தது. ஏகப்பட்ட மாம்பழச் சேலைகள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன. அப்போது அம்மா வேகமாக வந்தாள். வியர்த்திருந்தாள், கையில் தாம்பூலப் பை இருந்தது. தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றிருந்தவளின் முன்னால் வந்து நின்று மூச்சு வாங்கினாள்.

"ஏ பிள்ள, எம் மூத்த மவளப் பாத்தியா? படம் எடுக்க எல்லாரும் நிக்காவ, அவளக் காணும்."

புஷ்பகனி குழாயை மூடினாள்.

"புஷ்பம், புஷ்பம். போட்டோ எடுக்கவ. கறுப்பா இருப்பா."

அம்மா அந்தச் சொல்லைத் திருத்திக்கொள்வாள் என்று அவள் காத்திருந்தாள். ரெண்டு மாதமாக ஒரே வீட்டில் நுங்கு நிறத்தோடு எதிரில் உட்கார்ந்து சோறு தின்ற மகளை, இன்னும் ஒரு நொடி பார்த்தால், அடையாளம் தெரிந்துவிடும் என்று காத்திருந்தாள். அம்மா இருண்ட கண்களால் அவள் முகத்தை மேலும் கீழுமாகப் பார்த்தாள். பிறகு அவளைத் தாண்டி, அடுத்த மாம்பழச் சேலையைப் பார்த்தாள்.

வாயைத் திறந்தால் குரல் தெரிந்துவிடும். அவள் ஈரக் கையைத் தூக்கி வாசல் பக்கம் காட்டினாள்.

"அங்கிட்டா போனா? எதுக்கு இந்நேரம் போறா?" என்று சொல்லிக்கொண்டே அம்மா வாசலுக்கு ஓடினாள். "ஏட்டி புஷ்பம்! ஏட்டி!" என்று கூப்பிட்டபடி ரோட்டில் இறங்கி, பஸ் ஸ்டாண்டு பக்கம் திரும்பினாள். எதிரே வந்தவர்களை நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். கறுப்பா ஒரு பிள்ள, கறுப்பா. ஈச்சங்குடியில் அப்படி யாரையும் பார்த்து எவ்வளவோ நாளாகிவிட்டது என்று அவர்கள் தலையை ஆட்டினார்கள்.

புஷ்பகனி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேமராவுக்குத் திரும்பி வந்தாள். மேடையில் எல்லாரும் கூடிவிட்டார்கள். நடுவில் மாப்பிள்ளையும் பெண்ணும். இந்தப் பக்கம் ஆவுடைத்தங்கம். அந்தப் பக்கம் பெண்ணின் அம்மாவுக்குப் போட்டிருந்த நாற்காலி காலியாக இருந்தது. கால் வலிக்கிறது என்று யாரோ ஒரு சித்தியோ, அடுத்த தெருக்காரியோ, மாம்பழச் சேலையை ஒதுக்கிக்கொண்டு அதில் வந்து உட்கார்ந்தாள். இந்துமதி குனிந்து, அவள் தோளில் கையை வைத்து, சிரித்தாள். ஆவுடைத்தங்கம் எட்டி, "மைனி, பூ சரிஞ்சிருக்கு" என்று அவள் தலையைச் சரிசெய்தாள்.

புஷ்பகனி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். எல்லாருடைய முகமும் துல்லியமாகத் தெரியும்வரை வளையத்தைத் திருப்பி, பிறகு ஒரு நூல் தள்ளி, கண்ணாடியை மாட்டினாள்.

"எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டாள்.

"வந்தாச்சு, வந்தாச்சு" என்றார்கள். "எடு தாயி."

எடுத்தாள்.